பட்டறையில் விட்ட வண்டி

கிளெனிஸ் தன் வண்டியை எந்த மெக்கானிக்கிடமும் விட்டுவிட்டுப் போகமாட்டாள். அந்தக் கேரவன் வண்டிதான் அவளுக்கு வீடு. அடிலெய்டில் இருந்த வீட்டை விற்றுவிட்டு, கணவன் ரோஸோடு ஊர் ஊராகப் போய் வாழக் கிளம்பியவள். மலைச்சரிவு ஒன்றில் முன்சக்கரம் கழன்று வண்டி உருண்டதில் ரோஸ் போய்விட்டான். முந்தின நாள்தான் ஒரு பட்டறையில் அந்தச் சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருந்தார்கள். நட்டுகளை யாரும் சரியாக முறுக்கவில்லை.

“எங்கூடவே வந்து இரும்மா” என்று மகள் வெண்டி கெஞ்சினாள். கிளெனிஸ் கேட்கவில்லை. வேறொரு பழைய வண்டியை வாங்கிக்கொண்டு தனியாகவே சாலைக்குத் திரும்பினாள். ரிப்பேர் என்று வந்தால் மட்டும், வேலை முடியும்வரை பக்கத்திலேயே நிற்பேன் என்பாள். முகம் சுளித்தவர்கள் உண்டு. வாசலோடு அனுப்பியவர்களும் உண்டு.

போர்ட் ஆகஸ்டா என்ற கடலோர ஊரை நெருங்கும்போது பின்சக்கரம் முனக ஆரம்பித்தது. மேற்கே ஆளரவமே இல்லாத நல்லார்பார் வெட்டவெளி. அந்தச் சத்தத்தோடு இறங்க முடியாது. கேரவன்கள் தங்கும் பார்க்கில் விசாரித்து லெஸ் ஹாகனின் பட்டறைக்குப் போனாள்.

“நான் பாத்துக்கிட்டே இருப்பேன்” என்றாள்.

“கேள்வி கேப்பீங்களா?”

“கேப்பேன்.”

“எம் பொண்டாட்டியும் அப்படித்தான். பழகிப்போச்சு, உக்காருங்க” என்றான் லெஸ்.

பேரிங்கை மாற்றி, சக்கரத்தை மாட்டி, ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தான். சத்தம் போயிருந்தது. கிளெனிஸ் சாவிக்குக் கை நீட்டினாள். அவன் கொடுக்கவில்லை. குனிந்து சக்கரத்தின் நடுவில் கை வைத்தான்.

“ரொம்ப சூடா இருக்கு. நான்தான் அதிகமா இறுக்கிட்டேன்” என்றான். “இந்த பேரிங் இனிமே ஆகாது. இப்படியே ஓட்டினா வழியில சக்கரமே கழண்டுடும். வேற வரவழைச்சு நாளைக்குப் போட்டுத் தரேன்.”

“நான் பாத்துக்கிட்டுதானே இருந்தேன்? எனக்கு ஒண்ணும் தெரியலையே!”

“உங்களுக்கு எப்படித் தெரியும்? தப்பு என்னுது.”

கிளெனிஸ் நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். சத்தம் இல்லாத வண்டி. அவன் வாய் திறக்காமல் இருந்திருந்தால் சிரித்த முகத்தோடு ஓட்டிக்கொண்டு போயிருப்பாள்.

மறுநாள் லெஸ் வேலையைத் தொடங்கியதும், “நான் கடலோரம் போயிட்டு வரேன்” என்று கிளம்பிவிட்டாள். வறுத்த மீனும் உருளைக்கிழங்கும் வாங்கிக்கொண்டு தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்தாள். பாதி தின்பதற்குள் அழுகை வந்துவிட்டது. நெடுநேரம் அழுதாள்.

அப்போது வெண்டியின் போன் வந்தது.

“எங்கேம்மா இருக்க?”

“மீன் சாப்பிட்டுக்கிட்டிருக்கேன்.”

“வண்டி?”

“பட்டறையில.”

“நீ பக்கத்துல இல்லையா?”

“இல்ல.”

வெண்டி, “மீன் நல்லா இருக்காம்மா?” என்று மெல்லக் கேட்டாள்.

“உப்பு கொஞ்சம் கூடிப்போச்சு” என்றாள் கிளெனிஸ்.

அன்று மாலையே அவள் மேற்கே புறப்பட்டாள்.