வெளியிலிருந்து மட்டும் திறக்கும் கூண்டு

என் வீட்டுக்காரர் பயப்படுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர். லிஃப்ட் மெக்கானிக். கயிறு அறுந்தால் என்ன ஆகும், பிரேக் பிடிக்காவிட்டால் என்ன ஆகும், கதவு பாதியில் திறந்துகொண்டால் என்ன ஆகும் என்று நாள் முழுக்க யோசிப்பதுதான் வேலை. அதை வேலையிலேயே விட்டுவிட்டு வந்தால் பரவாயில்லை. வீட்டிலும் அதே பாட்டுதான். வெளியே கிளம்பினால் கேஸ் அடுப்பை மூன்று தடவை தொட்டுப் பார்ப்பார். எங்கள் மகளுக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது, இன்னும் அவளுக்குத் திராட்சையை நான்காக நறுக்கித்தான் கொடுப்பார்.

"இப்படியே போனா பாலையும் நறுக்கித்தான் குடுப்பீங்க போல" என்பேன். சிரிக்க மாட்டார்.

இந்த மனிதர் கோழி வளர்க்கப் போகிறேன் என்று ஆறு கோழிகளோடு வந்து நின்றபோது எனக்குத் தலை சுற்றியது. பின்பக்கச் சுவரையொட்டி ஒரு கூண்டு வைத்தார். இரண்டே மாதத்தில் கூண்டின் அடியில் இருந்த மண் எச்சமும் ஈரமுமாகச் சேறாகி நாறியது. ஒரு கோழி கழுத்தைத் தொங்கப்போட்டுச் செத்தது. எங்கேயோ கேட்டுக்கொண்டு வந்து, கூண்டு ஒரே இடத்தில் இருக்கக்கூடாது, அடித்தளம் இல்லாத கூண்டுக்குச் சக்கரம் வைத்துத் தினமும் ஒரு கூண்டு நீளம் நகர்த்த வேண்டும், அப்போதுதான் கோழிக்குப் புதுப் புல்லும் சுத்தமான தரையும் கிடைக்கும் என்றார். மிச்சமிருந்த ஐந்து கோழிகளுக்காக நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் அவருடைய பட்டறையிலேயே கிடந்தார்.

எட்டடி நீளம், நாலடி அகலம், என் இடுப்புக்கும் குறைவான உயரம். பழைய லிஃப்ட் கூண்டிலிருந்து எடுத்த கம்பி வலையை இரும்பு ஆங்கிள் சட்டத்தில் வைத்து வெல்டிங் செய்திருந்தார். ஒரு முனையில் இரண்டு சக்கரம், மறு முனையில் தூக்கித் தள்ளக் கைப்பிடி. பக்கவாட்டில் கோழி முட்டையிட ஒரு மரப்பெட்டி, வெளியிலிருந்து முட்டை எடுக்க அதற்கு ஒரு மூடி. நாய் வந்து புரட்டிவிட்டால்? நான்கு மூலையிலும் லிஃப்டின் பழைய எடைக்கட்டிகளை மாட்டினார், நகர்த்தும்போது மட்டும் கழற்றிக்கொள்ளலாம். யாராவது கதவைச் சாத்த மறந்துவிட்டால்? லிஃப்ட் கதவுபோலத் தானாகவே சாத்திப் பூட்டிக்கொள்ள ஸ்பிரிங்கும் கொக்கியும் வைத்தார். கொக்கி வெளிப்பக்கம்.

"உள்ள போனவங்க எப்படிங்க வெளிய வர்றது?" என்று கேட்டேன்.

"கோழி எதுக்கு வெளிய வரணும்?" என்றார்.

பட்டறையின் சிமெண்டுத் தரையில் ரசமட்டம் வைத்துப் பார்த்து, அடியில் தலைமுடி நுழையக்கூட இடமில்லை என்று மார்தட்டினார். எங்கள் கொல்லை என்ன சிமெண்டுத் தரையா? மேடும் பள்ளமுமாக இருந்த மண்ணில் கூண்டை இறக்கியதும் ஒரு மூலை நாலு விரற்கடை தூக்கிக்கொண்டு நின்றது. வாழ்நாள் முழுக்கச் சமதளத்திலேயே வேலை பார்த்தவருக்குத் தரை வளையும் என்பது தோன்றவே இல்லை. அதற்கும் வழி கண்டுபிடித்தார். தினமும் நகர்த்தி முடித்ததும் சந்து எங்கே என்று குனிந்து பார்த்து அங்கே செங்கல் வைத்து அடைப்பார்.

அன்றைக்கு அவருக்கு விடியற்காலை ஷிஃப்ட். கூண்டை நான்தான் நகர்த்தினேன். சந்தைப் பார்த்தேன். பள்ளிக்கூட ஆபீஸில் எனக்கு வேலை, மகளும் அங்கேதான் படிக்கிறாள், மணியடிக்க இருபது நிமிஷம் இருந்தது. இந்தச் சந்தில் கோழி தப்பித்தா போய்விடும் என்று நினைத்து, செங்கல்லைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டுக் கிளம்பினேன். வெளியே போகக்கூடிய கோழியைத்தான் யோசித்தேன். உள்ளே வரக்கூடியதை யோசிப்பது அவர் வேலை என்று விட்டுவிட்டேன்.

இனிச் சொல்வது அவர் பிறகு சொன்னது. இரண்டு மணிக்கு வீடு வந்தார். ஒரு கோழியின் காலில் நைலான் கயிறு சுற்றியிருந்தது. ரத்தம் கட்டிவிடுமே என்று கூண்டுக்குள் தவழ்ந்து போனார். பின்னால் 'டக்'கென்று கதவு சாத்திக்கொண்டது. அவர் வைத்த கொக்கி, அவர் நினைத்தபடியே அருமையாக வேலை செய்தது. தோளால் முட்டிப் பார்த்தார், எடைக்கட்டி அசையவில்லை. வலையில் விரல் நுழையும், கை நுழையாது. போன் சமையலறையில் சார்ஜில் கிடந்தது. இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களும் வேலைக்குப் போயிருந்தார்கள். தொண்டை கட்டும்வரை கத்தினார். பிறகு முட்டைப் பெட்டி வழியாகக் கையை நீட்டினால் கொக்கி எட்டுமா என்று பார்க்கத் தலையைத் திருப்பினார்.

ஐந்து கோழிகளும் எதிர் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒண்டி நின்றன. ஒன்றுகூடச் சத்தம் போடவில்லை. பெட்டிக்குள் வைக்கோல் மேல் பாம்பு சுருண்டு கிடந்தது. அதன் வாயில் ஒரு முட்டை பாதி உள்ளே போயிருந்தது.

இதே மனிதர் பல்லி விழுந்தால் நாற்காலி மேல் ஏறுகிறவர். இப்போது ஏற நாற்காலி இல்லை, நிமிர்ந்து உட்காரக்கூட இடமில்லை. எவ்வளவு தள்ளிப் போக முடியுமோ அவ்வளவு தள்ளி, கோழிகளோடு கோழியாகப் போய் ஒண்டிக்கொண்டார்.

அப்புறம்தான் அவருக்கு மகள் ஞாபகம் வந்தது.

தினமும் நாலு மணிக்கு நாங்கள் வீடு திரும்பியதும் அவள் பையைத் தூக்கி எறிந்துவிட்டு நேராக முட்டைப் பெட்டிக்கு ஓடுவாள். அவளுக்கு முன்னால் இவர் ஓடுவதுபோல் பாவனை செய்து, "வராதே, வராதே, நான்தான் எடுப்பேன்!" என்று கத்துவார். அவள் கெக்கெக்கே என்று சிரித்தபடி முந்திக்கொண்டு மூடியைத் தூக்கிக் கையை விடுவாள். பார்த்துவிட்டுக் கையை விடுகிற வழக்கம் இல்லை. அப்பா முந்திவிடுவாரோ என்ற அவசரம் அவளுக்கு.

அன்றும் ஓடினாள். நான் முன் கதவருகே செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கொல்லையிலிருந்து இவர் குரல் கேட்டது. கரகரவென்று, காற்றாகத்தான் வந்தது. "வராதே! கண்ணு, வராதே!" சிரிப்புச் சத்தமும் கேட்டது. வழக்கமான கூத்துதானே என்று நானும் நிதானமாகச் செருப்பை ஓரமாக வைத்தேன்.

"அம்மா, மூடி தொறக்க மாட்டேங்குது!"

போய்ப் பார்த்தேன். இரண்டு கையாலும் மூடியைப் பிடித்து, காலைப் பெட்டியில் உதைத்து இழுத்துக்கொண்டிருந்தாள். அது அரை விரற்கடை எழும்பும், திரும்ப இறங்கும். வலை வழியாக உள்ளே பார்த்தபோதுதான் இவர் தெரிந்தார். எச்சத்தில் குப்புறப் படுத்து, வலது கையைத் தோள்வரை பெட்டிக்குள் விட்டிருந்தார். மூடியின் பிடியை முடுக்கிய போல்ட் உட்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும். அதை இரண்டு விரலால் பற்றிக் கீழே இழுத்துப் பிடித்திருந்தார். அந்தக் கைக்கு ஒரு சாண் கீழே பாம்பு தலையைத் தூக்கி நின்றது.

"பாப்பாவ எடு" என்றார்.

தூக்கினேன். அவள் அழ அழ உள்ளே கொண்டுபோய் விட்டுத் தாழ் போட்டுவிட்டு ஓடி வந்து கூண்டுக் கதவைத் திறந்தேன்.

"வெளிய வாங்க!"

"தாழ் போட்டியா?"

"போட்டுட்டேங்க!"

"போய் இன்னொரு தடவ பாத்துட்டு வா."

வேறொரு நாளாக இருந்தால் வாய்க்கு வந்தபடி பேசியிருப்பேன். அன்று ஒரு வார்த்தை பேசாமல் போய்த் தாழை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தேன். அதன் பிறகுதான் விரலை விட்டார். பாம்பு அவசரமே இல்லாமல் பெட்டியிலிருந்து இறங்கி, நான் செங்கல் வைக்காத சந்து வழியாக வெளியேறி வேலிக்கு அந்தப் பக்கம் போயிற்று. விஷமுள்ளதா இல்லாததா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

கிணற்றடியில் உட்காரவைத்து அவர் கையைக் கழுவினேன். இரண்டு விரலும் போல்ட்டைப் பிடித்தபடியே மடங்கி நின்றன, நிமிரவில்லை. செங்கல்லை நான்தான் வைக்கவில்லை என்று சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். நடுவில் ஒரு தடவை பாம்பு முழங்கை மேலேயே ஏறி இறங்கிற்று என்றார், மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தாராம்.

"எத்தன மணிக்குப் போய் மூடியப் பிடிச்சீங்க?"

"ரெண்டரை இருக்கும்."

எனக்குக் கோபம் பொங்கியது. "நாங்க நாலு மணிக்குத்தானே வருவோம்? கேட் சத்தம் கேட்டதும் போய்ப் பிடிச்சிருந்தா போதாதா? ஒன்றரை மணி நேரம் அதுகூட எதுக்குங்க படுத்துக் கிடந்தீங்க?"

இதைக்கூட யோசிக்கத் தெரியாதவளா நீ என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"இன்னிக்குன்னு பார்த்துப் பள்ளிக்கூடத்த சீக்கிரம் விட்டுட்டா?"