மாமியார் கால் பதிந்தால் பெரிய பேட்டரி

பின்கதவைத் திறந்து ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கைக்குட்டையை நாலாக மடித்துத் தரையில் போட்டு, அதன்மேல் ஒரு முழங்காலை ஊன்றி, "அத்தை, காலைக் குடுங்க" என்பார் மாப்பிள்ளை. உள்ளே பின்சீட்டில் இருக்கும் மாமியார் செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டு, முதுகைச் சீட்டோடு ஒட்டி, இரண்டு கால்களையும் கீழே விடுவாள். மாப்பிள்ளை குனிந்து பார்ப்பார். எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டு, "நடு" என்பார். அவ்வளவுதான். அந்த வண்டிக்குள் இருப்பது நடு பேட்டரி என்று வாங்குபவனும் விற்பவனும் வாயை மூடிக்கொண்டு ஒப்புக்கொள்வார்கள்.

பழைய மின்சாரக் கார்கள் விற்கும் தெரு அது; மாப்பிள்ளை அங்கே தரகர். அங்கே அதிகம் கைமாறுவது ஒரே ஒரு வகை வண்டிதான். ஒரே பெயர், ஒரே முகம், ஒரே மூக்கு. வயிற்றுக்குள் மட்டும் மூன்று விதமான பேட்டரி. வெளியே பார்த்தால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. ஆனால் ஓட்டிப் பார்த்தால் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். மாப்பிள்ளை அதைத் தமக்குப் பிடித்த விதத்தில் விளக்குவார்: "சின்னதுல கடைக்குப் போய்ட்டு வரலாம். நடுவுல கல்யாணத்துக்குப் போய்ட்டு வரலாம். பெருசுல கோவிச்சுக்கிட்டு பொறந்த வீட்டுக்கே போயிடலாம்."

வண்டியின் பின்புறம் ஒட்டிய எழுத்தை நம்பக் கூடாது. அது பொட்டுப்போல எடுத்து ஒட்டக்கூடியது. கதவுச் சட்டத்தில் ஒட்டிய சீட்டு, வண்டியைக் கழுவுகிறேன் பேர்வழி என்று எப்போதோ சுரண்டப்பட்டிருக்கும். திரையில் 'இன்னும் இத்தனை தூரம் ஓடுவேன்' என்று ஒரு எண் மினுக்குமே, அதைக் காட்டினால் மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிடும். "அது ஜோசியம்ங்க. முன்னாடி ஓட்டினவன் பொறுமைசாலின்னா கூட்டிச் சொல்லும், அவசரக்காரன்னா கொறைச்சுச் சொல்லும். ஆளைப் பாத்துப் பேசுற ஜாதி."

பிறகு எதைத்தான் நம்புவது? மாமியாரின் பாதத்தை. பெரிய பேட்டரி வைத்த வண்டியில் பின்சீட்டுக்கு முன்னால் தரை இரண்டு விரற்கடை உயர்ந்திருக்கும். மாமியாரோ நாலடிக்குக் கொஞ்சம் மேல். பேச்சு மட்டும் ஆறடி. ஒருநாள் மருமகனோடு சந்தைக்கு வந்தவள், வெயிலுக்கு ஒதுங்கி ஒரு வண்டியில் உட்கார்ந்தாள். அங்கேயும் வெயில் எட்டிப்பார்க்கவே எழுந்து அடுத்த வண்டியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் சந்தேகம் கேட்டாள்: "ஏன் மாப்ள, ரெண்டும் ஒரே வண்டின்னீங்களே. அதுல காலு தொங்குச்சு, இதுல பதியுதே?" மாப்பிள்ளைக்கு அன்று பிறந்த ஞானம் அது. தெருவில் இருந்த அத்தனை வண்டியிலும் மாமியாரை ஏற்றி இறக்கினார். சின்னதில் கால் தொங்கும். நடுவில் கட்டைவிரல் மட்டும் தரையைத் தொடும். பெரியதில் உள்ளங்கால் முழுக்கப் பதியும். அந்த மூன்று நிலைகளில்தான் அவர் வீட்டில் உலை கொதிக்கிறது.

மாமியாரை வெயிலில் அலையவிடாமல் இருக்க வழி பார்க்காதவர் அல்ல. அவள் முழங்கால் உயரத்துக்கு ஒரு குச்சியை வெட்டி எடுத்துப் போனார். குச்சி பொய் சொன்னது. சீட்டு பழையதானால் அமுங்கும், புதியதானால் அமுங்காது. அதற்கேற்பத் தானும் அமுங்கி உட்காரக் குச்சியால் முடியவில்லை. "குச்சிக்குப் பின்பக்கம் ஏதுங்க?" என்று அதைத் தூக்கி எறிந்தார். அடுத்து மனைவியை அழைத்துப் போனார். அவள் அப்பாவைக் கொண்டு பிறந்தவள், கொக்குக் கால். அவள் கணக்குப்படி உலகத்தில் எல்லா வண்டியும் பெரிய வண்டி. "என்னைப் பொண்ணு பாக்க வந்தது ஒரு தடவை. எங்கம்மா காலை மட்டும் தெனம் பாக்குறீங்க" என்று அவள் இன்றைக்கும் இடிப்பாள்.

இதைக் கண்டு பொறாமைப்பட்ட இன்னொரு தரகர் தம் மாமியாரையும் சந்தைக்குக் கூட்டிவந்தார். அந்த அம்மாளும் குள்ளம்தான், அளவுக்குக் குறைவில்லை. ஆனால் அந்த மருமகனுக்கும் மாமியாருக்கும் ஏழாம் பொருத்தம். மருமகன் குனியும் நேரம் பார்த்து அவள் குதிகாலைத் தூக்கிவிடுவாள். பெரியதெல்லாம் சின்னதாகி, தரகர் மண்ணைக் கவ்வி, இப்போது கண்ணாடி துடைக்கும் துணி விற்கிறார். "அளக்குறது காலு இல்லீங்க, மனசு" என்பார் மாப்பிள்ளை. சொல்லிவிட்டு, பெரிதாக ஏதோ சொல்லிவிட்டோம் என்ற கூச்சத்தில் டயரை உதைப்பார்.

அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஸ்டியரிங்கைப் பிடித்தால் உள்ளங்கை வியர்க்கிறதாம். மாமியாரும் மருமகனுமாகப் பஸ்ஸில்தான் வருவார்கள். அவளுக்கு ஜன்னலோரம், இவருக்குக் கம்பி. மாமியாரின் காலை உற்றுப் பார்ப்பது மரியாதையில்லை என்று நினைக்கிறவர் ஆகையால், முதலில் டயரைப் பார்ப்பார், பிறகு கதவின் அடிவிளிம்பைப் பார்ப்பார், போகிற போக்கில் பார்ப்பதுபோலப் பாதத்தைப் பார்த்துவிட்டு எழுவார். ஒரு நாளைக்கு இத்தனை தடவை மாமியார் காலில் விழுகிற மருமகன் மூன்று உலகத்திலும் கிடையாது என்று தெருவே சொல்கிறது. அவருக்கு இப்போது வேறு பெயரே இல்லை. டீ கொண்டுவருகிறவனுக்கும் அவர் மாப்பிள்ளைதான், அவரைவிட மூத்த கிழவர்களுக்கும் மாப்பிள்ளைதான். சொன்ன சொல்லை ஒருநாளும் மாற்றியதில்லை என்பதும் அந்தப் பெயருக்குள் அடங்கும்.

மாமியாரும் சும்மா காலைத் தொங்கவிட்டுக்கொண்டு இருப்பவள் அல்ல. பின்சீட்டில் உட்கார்ந்ததும் முன்பு வண்டி வைத்திருந்தவனின் குடும்பத்தையே படித்துவிடுவாள். சீட்டு இடுக்கில் விரலை விட்டு எடுத்து, "பிள்ளைக்குப் பிஸ்கட்ட குடுத்தே வாய மூடியிருக்காங்க" என்பாள். இன்னொரு வண்டியில், "இதுல புருஷனும் பொண்டாட்டியும் பேசிக்கல. முன்சீட்டு ரெண்டும் ரெண்டு பக்கமா தேஞ்சிருக்கு பாருங்க" என்பாள். வாங்க வந்தவர்கள் வண்டியை மறந்து கதை கேட்பார்கள். அவள் சந்தைக்குள் நுழைந்தால் நாலு பக்கமும் வணக்கம் விழும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வண்டிக்குக் குறுக்கே வந்து நின்றான் சகலை; மனைவியின் தங்கை புருஷன். கணவாய்க்கு அந்தப் பக்கம் வேலை. வீட்டில் கைக்குழந்தை. மாமியாரைத் தங்களோடு கொண்டுபோய் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். மாமியாரோ, மலை பஸ் தனக்கு ஆகாது, குடலைப் பிடுங்கும் என்று சொல்லிவிட்டாள். கணவாயில் வழிநெடுக சார்ஜ் போட ஒரு துளை கிடையாது. சகலையிடம் ஏற்கெனவே இருக்கிற சின்ன பேட்டரி வண்டி ஒருமுறை பாதி ஏற்றத்தில் படுத்துவிட்டது. வைக்கோல் லாரி கட்டி இழுத்துவந்தது, வீடு சேர்ந்தபோது வண்டிக்குள் ஓட்டுநரைவிட வைக்கோல் அதிகம். "நடுவுல நிக்காத வண்டி கொண்டு வாங்க, வர்றேன்" என்று மாமியார் வாக்குக் கொடுத்தாள். ஆகவே சகலை ஒருநாள் லீவு போட்டுப் பெரிய பேட்டரி வண்டி வாங்க வந்து இறங்கினான். யாரிடம்? பேட்டரி பார்ப்பதில் பேர்போன தன் சகலையிடம்தான். கிடைக்காவிட்டால் அன்று சாயங்காலமே திரும்பிப்போய், குழந்தையைப் பார்க்கத் தன் அம்மாவை வரவழைத்துக்கொள்வதாகவும் சொன்னான்.

அன்று காலை மாமியார் பையைக் கட்டி வாசலருகே வைத்திருந்தாள். மாப்பிள்ளை அந்தப் பையைச் சுற்றிக்கொண்டு மூன்று தடவை நடந்தார். தொழில் என்ன ஆகும் என்று மனைவியிடம் முணுமுணுத்தார். அவள் ஏற இறங்கப் பார்த்தாள். "தொழிலுன்னு சொல்றீங்க. மூஞ்சிய பாத்தா கூட வெளையாடுற பிள்ளைய பறிகொடுத்த மாதிரி இருக்கு" என்றாள். அவர் மாமியாரையும் சகலையையும் அழைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

சந்தையில் அன்று அவருக்கு யோகம். போன இடமெல்லாம் சின்னதும் நடுவுமாகவே அமைந்தது. கால் தொங்கத் தொங்க மாப்பிள்ளையின் முகம் மலர்ந்தது. ஒரு கட்டத்தில் சீட்டியடிக்கவே தொடங்கிவிட்டார். சகலையின் முகம் அதற்கு எதிர்ப்பக்கமாக நீண்டுகொண்டு போனது. கடைசியாகச் சுழல்நாற்காலி முதலாளியின் யார்டு. அவர் நாற்காலியைவிட்டு எழுந்து எவரும் பார்த்ததில்லை. காலால் தரையை உந்தி உந்தி, யார்டு முழுவதும் உருண்டே வியாபாரம் செய்வார். அவரிடம் ஒரு சாம்பல் நிற வண்டி நின்றது.

பின்கதவைத் திறந்த மாப்பிள்ளைக்குச் சீட்டி நின்றது. தினம் பார்த்துப் பழகிய கண். தரை உயரமாக இருப்பது மாமியார் ஏறுமுன்பே தெரிந்துவிட்டது. பெரியது. ஏறப்போன மாமியாரை, "அத்தை, இருங்க" என்று நிறுத்தினார். நேரே முதலாளியிடம் போனார். ஒரு நிமிஷம் எழுந்திருக்கச் சொன்னார். என்ன ஏது என்று கேட்காமல் முதலாளி எழுந்துவிட்டார். எதிர்க்கடைக்காரர்கள் வெளியே ஓடிவந்து அந்தக் காட்சியைப் பார்த்தார்கள். அவர் நாற்காலியிலிருந்த தடித்த மெத்தையை எடுத்துவந்து பின்சீட்டில் போட்டார் மாப்பிள்ளை.

"காலைலேர்ந்து அலையிறீங்க. இடுப்பு வலிக்கும்" என்றார்.

இத்தனை வருஷம் வலிக்காத இடுப்பை மாமியார் ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டாள். ஏறி உட்கார்ந்தாள். "சூடா இருக்கு மாப்ள" என்று மட்டும் சொன்னாள். கால்களைக் கீழே விட்டாள். தொங்கின.

மாப்பிள்ளை வழக்கத்தைவிட அதிக நேரம் டயரைப் பார்த்தார். எழுந்தபோது முழங்காலைத் தட்ட மறந்துவிட்டார். "சின்னது" என்றார்.

சகலை மணியைப் பார்த்து, பஸ் நிலையத்துக்கு எந்தப் பக்கம் என்று கேட்டான். ஆனால் முதலாளி விடுவாரா? தாம் பெரியது என்று பார்த்து வாங்கிய வண்டி. இந்தத் தெருவில் மாப்பிள்ளை சின்னது என்று சொல்லிவிட்டால் அப்புறம் அது சாகும்வரை சின்னதுதான். மெத்தையில்லாத நாற்காலியில் உட்கார முடியாமல் நின்றுகொண்டே கத்தியதில் அவருக்கு மூச்சு வாங்கியது. எதிர்க்கடைக்காரர்கள் நெருங்கி வந்தார்கள். கண்ணாடித் துணி விற்கும் பழைய தரகரும் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு முன்வரிசைக்கு வந்துவிட்டார்.

"என் மெத்தைய போட்டு என் வண்டியவே கொறைச்சுப்புட்டியே மாப்ள. அதை எடுத்துட்டு இன்னொரு தடவை பாரு" என்றார் முதலாளி.

சகலை மெல்லக் குனிந்து வண்டிக்குள் எட்டிப் பார்த்தான். மெத்தையைப் பார்த்தான், தொங்கும் காலைப் பார்த்தான், மாப்பிள்ளையைப் பார்த்தான். "அண்ணே, ஆமாண்ணே, எடுத்துட்டே பாத்துடுங்கண்ணே" என்றான். குரலில் இன்னும் சந்தேகம்கூட முழுதாக வரவில்லை. அந்த நம்பிக்கைதான் மாப்பிள்ளையை அறுத்தது.

அவருக்குக் காது இரண்டும் சிவந்துவிட்டன. மெத்தையை எடுத்தால் கால் பதியும். கால் பதிந்தால் அவர் சொல் போகும், மாமியாரும் போவாள். எடுக்காவிட்டால் ஒரு மனுஷனின் வண்டியைப் பொய் சொல்லிக் கெடுத்தவர் ஆவார். சொல் போனாலும் போகட்டும் என்று முடிவு கட்டினார் போலிருக்கிறது. வெறும் தரையில் முழங்காலை ஊன்றி, மெத்தையின் ஓரத்தைப் பிடித்தார்.

"அத்தை, கொஞ்சம் எழுந்திருங்க. நான்தான்..." என்று தொடங்கினார்.

மாமியார் அவரைப் பார்த்தாள். அவர் தலைக்கு மேலாக நின்ற கூட்டத்தைப் பார்த்தாள். வாயைப் பிளந்து நிற்கும் இளைய மருமகனையும் பார்த்தாள். அப்புறம் முதலில் வலது காலையும், பிறகு இடது காலையும் மெதுவாக மேலே தூக்கி, மெத்தையின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். இரண்டு உள்ளங்கால்களும் தொடைகளுக்கடியில் போய் மறைந்தன.