வரவேற்பு வரிசையில் நின்ற என் மகள்

என் மகள் சுருண்டு விழுந்ததற்கு வெயிலைக் குறை சொல்லாதீர்கள், தாளாளர் ஐயா. அவளை வெயிலில் நிறுத்தியது நீங்கள்.

போன வருடம் ஏப்ரல் மாதம். ரெட்டியார்சத்திரம் பக்கம் உங்கள் தனியார் பள்ளி. என் மகள் அங்கே ஏழாம் வகுப்பு படித்தாள். ஆண்டு விழாவுக்கு வரும் சிறப்பு விருந்தினருக்குப் பூத் தூவ, பெண் பிள்ளைகளைப் பட்டுப்பாவாடை கட்டச் சொல்லி வாசலில் இரண்டு வரிசையாக நிறுத்தியிருந்தீர்கள். காலையில் வருவதாகச் சொன்னவர் உச்சி வெயிலாகியும் வரவில்லை. பெற்றோர் எங்களுக்குப் பந்தல், மின்விசிறி, மோர். பிள்ளைகளுக்கு எதுவும் இல்லை.

ஒரு டம்ளர் மோரை எடுத்துக்கொண்டு மகளிடம் போனேன். வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்த டீச்சர் மறித்தார்.

“குடிச்சா ஒண்ணுக்குப் போகணும்பாளுக. அந்நேரம் பார்த்து கார் வந்துட்டா வரிசை ஓட்டையாத் தெரியும். செத்த நேரம் பொறுங்கம்மா.”

மகளும், “போம்மா, மானத்த வாங்காத” என்றாள். நான் திரும்பிவிட்டேன். அந்த மோரை நானே குடித்தேன்.

கொஞ்ச நேரத்தில் பூத்தட்டு விழுந்த சத்தம் கேட்டு ஓடினேன். அவள் உடம்பு அனலாகக் கொதித்தது. கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. “வலிப்பு, இரும்பக் குடுங்க” என்று யாரோ சொல்ல, ஆளாளுக்கு பைக் சாவியை நீட்டினார்கள். நானும் ஒரு சாவிக்கொத்தை வாங்கி அவள் உள்ளங்கையில் வைத்து இறுக்கிப் பிடித்தேன். ஒருவர் வாயில் சோடா ஊற்றினார். சுற்றி நின்ற கூட்டத்தில் காற்றே நுழையவில்லை. பக்கத்துத் தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. ஒரு வாளி மொண்டு ஊற்ற ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் அவள் விரல்களைப் பிரித்துப் பார்த்தார்.

“சாவிய வச்சு எதப் பூட்டப் போறீங்க? இது வெயில் தாக்குனது. நெழல்ல போட்டு மேலெல்லாம் தண்ணிய ஊத்தி விசிறியிருக்கணும். நெனவில்லாத பிள்ள வாயில சோடா ஊத்துவாங்களா? புரையேறியிருந்தா அம்புட்டுத்தான்.”

திட்டிக்கொண்டே ஈரத்துணியால் அவளைப் போர்த்தி, திண்டுக்கல்லுக்கு ஆம்புலன்சில் ஏற்றிவிட்டார். அங்கே ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் மகள் கேட்ட முதல் கேள்வி, “கார் வந்துருச்சாம்மா?”

வந்திருந்தது. மிச்சப் பிள்ளைகள் அதே வெயிலில் பூத் தூவியிருக்கிறார்கள்.

பிழைத்துவிட்டாள். ஆனால் கோ-கோ ஆட்டத்தில் யார் கைக்கும் அகப்படாமல் ஓடியவள், இப்போது வெயிலைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது என்று வகுப்பறையை விட்டு இறங்குவதில்லை. அன்றைக்குப் பந்தலில் அத்தனை அம்மா அப்பா இருந்தோம். விழா கெட்டுவிடக் கூடாது என்று எல்லாரும் வாயை மூடிக்கொண்டோம். ஒரே ஒருத்தர் சண்டை போட்டிருந்தாலும் என் பிள்ளை இன்றும் ஓடிக்கொண்டிருப்பாள் என்ற நினைப்பு என்னை விடவே மாட்டேன் என்கிறது.

இந்த ஆண்டு விழாவுக்கும் வரவேற்புக்குப் பெண் பிள்ளைகள் வேண்டுமென்று பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறீர்கள். அதே குழுவில், எல்லாரும் படிக்கும்படி பதில் போடுங்கள்: விருந்தினர் வரும்வரை அந்தப் பிள்ளைகளை எங்கே நிறுத்தப் போகிறீர்கள்?