உபதேசியார் பக்கத்தில் படுத்திருப்பவள்

என் நாத்தனார் பிரிஸில்லா பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சராக இருந்தவள். ஓய்வு பெற்ற அன்று விசிலைப் பெட்டிக்குள் வைத்தாளே தவிர, கான்வாஸ் ஷூவைக் கழற்றவில்லை. இப்போது அதை மாட்டிக்கொண்டு கல்லறைத் தோட்டம் கல்லறைத் தோட்டமாகச் சுற்றுகிறாள். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டுகிறவர்களில் பாதிப்பேர் செத்துப்போனவர்களை விசாரிக்க வருகிறவர்கள்தான். கனடாவில் இருக்கிற ஒரு குடும்பத்துக்குப் பாட்டனாரின் ஞானஸ்நானப் பதிவு வேண்டும். சிங்கப்பூர் டாக்டருக்குத் தன் வம்சத்தில் முதலில் கிறிஸ்தவ வேதத்துக்கு வந்தவர் யார் என்று தெரியவேண்டும். வெள்ளைக்காரன் காலத்துப் பதிவேடுகளை இவள் மூக்குக்கண்ணாடியோடு புரட்டிக் கண்டுபிடித்துக் கொடுப்பாள். நன்றிக்கு சாக்லேட் டப்பா வரும். அதைத் தின்று சர்க்கரையை ஏற்றிக்கொள்வது என் வீட்டுக்காரர் எஸ்றா.

நஷ்டம் எனக்குத்தான். தேய்ந்த கல்லில் அரிசிமாவைத் தடவித் துடைத்தால் எழுத்தின் குழியில் மாவு தங்கி, பெயர் வெள்ளையாகத் தெரியும். அந்த மாவு இடியாப்பத்துக்கு நான் வறுத்து வைத்த மாவு. டப்பா காலியாகக் கிடந்தால் எந்த ஊர்க் கல்லறைக்குப் போனாள் என்று மட்டும் கேட்பேன்.

ஊராருக்கெல்லாம் தேடிக் கொடுக்கிறவளுக்குச் சொந்தப் பூட்டியை, தாத்தாவைப் பெற்றவளை, தேடவேண்டிய அவசியம் வந்ததில்லை. ஞானப்பூ பூட்டி ஆற்றங்கரையில், சீலோவாபுரம் கோயில் கல்லறைத் தோட்டத்தில், தன் புருஷன், சபை ஊழியராக இருந்த தேவசகாயம் உபதேசியாரின் பக்கத்தில் படுத்திருக்கிறாள். அவர் கல்லில் பெயர் உண்டு. பூட்டியின் மேல் வருஷா வருஷம் ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை அடித்த சுண்ணாம்பு அப்பம்போல உப்பிக் கிடந்தது, பெயரைப் பார்த்தவர் யாருமில்லை. இந்தக் குடும்பத்துக் கல்யாணங்களில் மணப்பெண் முதலில் அங்கே போய் முழங்காலில் நிற்கவேண்டும். களக்காட்டிலிருந்து வந்து மாட்டிக்கொண்ட நானும் பட்டுப்புடவையோடு நெருஞ்சி முள்ளில் நின்றேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பிரிஸில்லாவுக்கு அது வேறு இடம். வேலை கிடைத்த அன்று அங்கே போனாள். பேசி முடித்த சம்பந்தம் முறிந்த அன்றும் போனாள். எங்களிடம் ஒரு சொட்டுக் கண்ணீர் காட்டவில்லை, அந்தக் கல்லில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டு வந்து எனக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்தாள். அதற்குப் பிறகு வந்த சம்பந்தங்களை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை.

மார்கழி வெள்ளம் வந்ததே, அதில் தோட்டத்துச் சுவர் போயிற்று, பாதிக் கல்லறைகள் சரிந்தன. சபைக் கமிட்டி ஓர் அறிவிப்புப் போட்டது: புதைக்க இடமில்லை, கேட்க ஆளில்லாத பழைய கல்லறைகளை ஈஸ்டருக்குப் பிறகு தரைமட்டமாக்கப் போகிறோம், உரிமை உள்ளவர்கள் அத்தாட்சியோடு வரவும்.

"அத்தாட்சிதான, நாளைக்கே தாரேன்" என்று பிரிஸில்லா என் மாவு டப்பாவைத் தூக்கினாள். இந்தத் தடவை நானும் கூடப் போனேன். வெள்ளத்தில் ஊறிய சுண்ணாம்பு பாளம் பாளமாகக் கழன்று, தலைமாட்டுக் கல் வெளியே தெரிந்தது. மாவைத் தடவித் துணியால் துடைத்தாள். இரண்டே எழுத்து வெள்ளையாக எழும்பியது. ரூத். மறுபடியும் துடைத்தாள். அதே ரூத்.

"யாரு மதினி இது?" என்றாள் என்னிடம். எனக்கு எப்படித் தெரியும்?

அடக்கப் பதிவேட்டைப் போய்ப் பார்த்தாள். உபதேசியாருக்குத் தெற்கே ரூத், போர்டிங் பள்ளிச் சமையல்காரி, விதவை, வயது முப்பத்திரண்டு, உறவினர் எவருமில்லை. ஞானப்பூவைக் குறித்து உபதேசியார் பதிவிலேயே ஒரு வரி இருந்தது. மகளின் பேறுகாலத்துக்குக் களக்காடு போன இடத்தில் வாந்திபேதி கண்டு, அங்கேயே அடக்கம். புருஷன் பக்கத்தில் கிடப்பவள் பெண்டாட்டிதானே என்று பிற்பாடு வந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள், யாரும் கேட்டுப் பார்க்கவில்லை.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. உபதேசியார் பக்கத்தில் வேற்றுப் பெண்ணைப் படுக்கவைத்து, மூன்று தலைமுறையாக மாலை போட்டிருக்கிறோம். ஆனால் பிரிஸில்லா அன்று சாப்பிடவில்லை.

"நம்ம கல்லறைதான்னு சொல்லிரு ஏட்டி, யாரு வந்து தோண்டிப் பாக்கப் போறா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"பொய் சொல்லவா அண்ணன்? நான் பிள்ளையளுக்கு ஒரு ஓட்டத்துல கூடத் தப்பு நேரம் எழுதினதில்ல." பிறகு என் பக்கம் திரும்பினாள். "மதினி, முப்பத்திரண்டு வயசுப் பிள்ளைட்ட போயா இத்தன நாளும் பூட்டி பூட்டின்னு அழுதேன்? அவளுக்கு யாருமே இல்ல. இப்ப நாமளும் இல்லன்னா இடிச்சிருவாவ." எனக்குச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

முதலில் ஞானப்பூவைப் பார்த்துவிட்டு வருவோம் என்று அவளைக் களக்காட்டு பஸ்ஸில் ஏற்றி நானும் ஏறினேன். என் தம்பி தானியேல் அங்கே எங்கள் பழைய வீட்டில்தான் இருக்கிறான். கோயிலில் பதிவைப் பார்த்து, வரிசையை எண்ணிக்கொண்டு போனால், எங்கள் அப்பா அம்மா கல்லறைக்கு அடுத்த வரிசையில் வேப்பமரத்தடியில் நின்றோம். குட்டையான கல்லறை. தலைமாட்டுக் கல்லில் மட்டும் சுண்ணாம்பு படவில்லை, பெயர் கொஞ்சம் மாவுக்கே தெளிந்தது. நூறு வருஷம் கேட்பாரற்றுக் கிடந்ததென்று யாரும் சொல்லமுடியாது. போன வருஷத்துச் சுண்ணாம்பு பளிச்சென்று இருந்தது.

"இத யாரு தம்பி அடிக்கா?" என்றாள் பிரிஸில்லா.

"நாங்கதான் டீச்சர். மிச்சச் சுண்ணாம்ப வீட்டுக்குத் தூக்கிட்டு வரக்கூடாதும்பா எங்கம்மா. ஆளில்லாத கல்லறையில அடிச்சிட்டு வருவோம். இங்கன யாரு கெடக்கான்னு எங்களுக்குத் தெரியாது. அக்காவும்தான் அடிச்சிருக்கா."

ஆமாம், அடித்திருக்கிறேன். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வேலை சீக்கிரம் முடியட்டும் என்று திட்டிக்கொண்டே அடித்திருக்கிறேன். கல்யாணத்துக்கு முன்பே இந்தக் குடும்பத்துக்கு வேலை பார்த்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிரிஸில்லா அந்தக் கல்லில் உட்காரவில்லை. எட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாள், பஸ் ஏறும்வரை விடவில்லை.

கமிட்டி நாளில் சபைக் குருவான ஐயர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். பிரிஸில்லா நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் பேனாவை மூடினார்.

"அப்படின்னா ரூத்து உங்களுக்கு என்ன உறவு டீச்சர்?"

"உறவு ஒண்ணும் இல்ல ஐயா" என்றது மேசைக்கு அந்தப் பக்கமே சரியாகக் கேட்கவில்லை. மைதானம் முழுக்கக் கேட்கிற தொண்டை அது.

நான் எழுந்துவிட்டேன். "ஐயா, களக்காட்டுல இவுக பூட்டிக்கு எங்க வீட்டுல வருஷா வருஷம் சுண்ணாம்பு அடிச்சிருக்கோம். அவ ஒங்களுக்கு என்ன உறவுன்னு ஒரு ஐயரும் எங்கள்ட்ட கேக்கல. கேட்டிருந்தா இன்னைக்கு இவ போயிப் பாக்க அங்கன என்ன இருந்திருக்கும்?"

ஐயர் கமிட்டிக்காரர்களைப் பார்த்தார். ஒருவர் பதிவேட்டை அவர் பக்கம் நகர்த்தினார். பேனாவைத் திறந்து, 'ரூத். எஸ்றா குடும்பத்தார் பராமரிப்பில்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை மூன்று பேரும் வாளியோடு போனோம். பிரிஸில்லா பெயரை மூடாமல் சுற்றி அடித்தாள். "ரூத்து, இந்த வருஷம் என்னைய நல்லா அலைய விட்டுட்டியே" என்று பைய அவளிடம் பேசிக்கொண்டிருந்தாள். பூட்டி என்ற மரியாதை போய் நீ நான் என்று ஆகிவிட்டது, முகத்தில் அப்படி ஒரு தெளிவு.

வேலை முடிந்ததும் என் வீட்டுக்காரர் வழக்கம்போல மிச்சச் சுண்ணாம்பை வாய்க்காலில் கொட்டப் போனார். "அங்கன எங்க போறிய? பக்கத்துல ரெண்டு கல்லறை சும்மா கெடக்கு, தெரியலையா?" என்று அதட்டி அவர் கையிலிருந்து வாளியைப் பிடுங்கியவள் பிரிஸில்லா இல்லை, நான்.