புதுநன்மைக்கு முன் ஒரு பேன் சீப்பு

அக்கா மகள் சர்ச்சில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு மூன்று வாரம் இருந்தபோது அவள் தலையில் பேன் பிடித்தது. வெள்ளைக் கவுனும் பூக்கிரீடமும் தருமபுரியில் எடுத்து வைத்தாயிற்று.

எங்கள் வீட்டில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். பேன் மருந்தின் லேபிளைப் படித்துத் தடவியதும் நான்தான். முதலில் முழங்கையில் கொஞ்சம் தடவிப் பார்க்கச் சொன்ன வரியை, அவள் அலறிய பிறகுதான் கவனித்தேன். ஷாம்பு பட்டாலே சிவக்கும் தலை அவளுக்கு. உச்சி முழுக்கத் தடித்துவிட்டது.

டாக்டர் மருந்தை நிறுத்தச் சொன்னார். தடிப்பு அடங்கியதும் முடியை நனைத்து, தேங்காயெண்ணெய் தடவி, மூன்று நாளுக்கொரு முறை பேன் சீப்பால் வார வேண்டும். அக்காவை ஓசூர் கம்பெனி வேன் விடியுமுன்னே ஏற்றிக்கொண்டு போய்விடும். தப்பு என்னுடையது, சீப்பும் என் கைக்கே வந்தது.

ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம். எனக்குக் கழுத்து கடுக்கும், அவளுக்குக் கால் மரத்துப்போகும். ஒருநாள் சீப்பில் ஒன்றுமே வரவில்லை. அடுத்த முறை கொழுத்த பேன் நான்கு.

"பேசாம மொட்டை அடிச்சிடலாம்டா தம்பி. முடி என்னா, வளராதா?" என்றாள் அக்கா. வேனிலிருந்து இறங்கி முகம்கூடக் கழுவவில்லை.

"மொட்டத்தலைல கிரீடம் வெச்சா வழுக்கி உழுந்துடும் மாமா," என்று அவள் மகள் அழுதாள்.

வரும் ஞாயிறு புதுநன்மை. துணியில் கிடந்த பேன்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஈர் பொரிந்திருந்தால் குஞ்சுகள்தானே வரவேண்டும்? இவை முழுசாய் வளர்ந்தவை. பள்ளிக்கூடமும் லீவு. நிமிர்ந்தேன். அக்கா பின்னந்தலையைச் சொறிந்துகொண்டிருந்தாள். தாயும் மகளும் ஒரே தலையணை.

"அக்கா, நீ ஒக்காரு."

"போடா, எனக்கேது பேனு?"

முதல் இழுப்பிலேயே மூன்று. "அம்மாவுக்கு மொட்ட!" என்று குதித்தாள் பெண். அக்கா சிரித்தாள். அவள் தலையை யாராவது தொட்டு எத்தனை நாளாயிற்றோ, பாதி வாருவதற்குள் என் முழங்காலில் சாய்ந்து தூங்கிவிட்டாள். மீதிப் பாதியை எழுப்பாமலே வாரினேன்.

ஞாயிற்றுக்கிழமை கிரீடம் வழுக்கவில்லை. பூசை முழுக்க என் கண் அக்காவின் பின்னந்தலையிலேயே இருந்தது. அவளுக்கு இன்னும் மூன்று முறை வார வேண்டும்.