மணல் மேட்டின் மறுபக்கம்

போன வருடம், பாகான் டத்தோவில் ஆறு கடலோடு சேரும் இடத்தில் நடந்தது. அப்பாவின் அஸ்தியைக் கரைக்க அண்ணன், பெரியப்பா, நான் என மூவர் போயிருந்தோம். அம்மா வரவில்லை. எங்கள் குடும்பத்தில் பெண்கள் இதற்கு வருவதில்லை. செமோரில் எங்கள் வீட்டு வாசலோடு நின்றுவிட்டார்.

கடல் நீர் வற்றும் நேரம். ஆறு எங்கள் பக்கமிருந்து கடலை நோக்கி இழுத்துக்கொண்டிருந்தது.

"தாத்தாவுக்கும் இங்கதான் கரைச்சோம். இடுப்பளவுதான், பயமில்ல" என்றார் பெரியப்பா.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிப் படிக்கப் போன முதல் ஆள் நான். ஆற்றுப்படுகை மணல்தான் என் பாடம். "அந்த இடம் இப்ப அப்படியே இருக்காது பெரியப்பா. தண்ணிக்கு அடியில மணல் மேடு நகந்துகிட்டே இருக்கும்" என்றேன்.

அஸ்திக் கலயத்தைத் தோளில் சுமந்திருந்த அண்ணன் அந்த நிலையிலும் சிரித்தான். "மணலப் படிக்க யுனிவர்சிட்டியா? ஹார்ட்வேர் கடையில மூட்டையா கெடக்குலா."

அவனுக்கு நீச்சல் தெரியாது. மூவரும் தண்ணீரில் இறங்கிக் கடலை நோக்கிக் கொஞ்ச தூரம் போனோம்.

கொள்ளி வைத்தவன் கடலுக்கு முதுகைக் காட்டி, கலயத்தைத் தோளுக்குப் பின்னால் விடவேண்டும். மற்றவர்கள் அதற்கு முன்பே கரையைப் பார்த்து நடந்துவிட வேண்டும். "யாரு கூப்பிட்டாலும் திரும்பாதடா" என்று பெரியப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். நடந்தோம்.

"முழங்கால்தான் இருக்கு. இன்னும் கொஞ்சம் பின்னால போறேன்" என்று அண்ணனின் குரல் கேட்டது.

கரைப்பக்கம் நடக்க நடக்க எனக்கு ஆழம் கூடியது. அப்போதுதான் உறைத்தது. அண்ணன் பின்னால் போகப் போக மேடு ஏறுகிறான். ஓடும் நீர் மணலை மெல்ல மேலேற்றி, உச்சியிலிருந்து கடல் பக்கம் கொட்டும். ஏறும் பக்கம் சாய்வாக இருக்கும். கொட்டும் பக்கம் சட்டென்று ஆழமாகிவிடும்.

வாயைத் திறப்பதற்குள் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. "தம்பி" என்று ஒரே ஒரு முறை.

திரும்பினேன். இரண்டு கைகள்தான் தெரிந்தன. ஓடினேன். அவன் காலை ஊன்ற ஊன்ற, அந்தச் சரிவு மணல் உதிர்ந்து அவனையே கீழே இழுத்தது. உச்சியில் கணுக்கால் அளவுத் தண்ணீர்தான்; ஆனால் அங்கே நின்றால் நானும் சரிந்துவிடுவேன். வேட்டியை அவிழ்த்து ஒரு முனையை அவனிடம் வீசிவிட்டு அப்படியே குப்புறப் படுத்தேன். துணி இறுகியது; நானும் நகர ஆரம்பித்தேன்.

அப்போது என் கணுக்கால்களை யாரோ பிடித்தார்கள். பெரியப்பா. அவரும் திரும்பியிருந்தார்.

அண்ணன் மேலே வந்து மணலில் கிடந்து இருமினான். கலயம் போய்விட்டிருந்தது. அவனை நடுவில் பிடித்துக்கொண்டு கரைக்கு வந்தோம்.

வீட்டில் அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அண்ணனின் தலையைத் துவட்டினார். பிறகு எங்களைப் பார்த்தார். "ரெண்டு பேருமா திரும்பிட்டீங்க?"

தீட்டு கழிந்ததுமே கோயிலில் பரிகாரம். வழக்கத்தை மீறியதற்காக நான் வருந்தவில்லை. ஆனாலும் அம்மாவுக்காக உட்கார்ந்தேன். இன்றும் யாராவது பின்னாலிருந்து "தம்பி" என்றால் உடனே திரும்பிவிடுகிறேன். அன்று திரும்பியதற்கு எங்களுக்கு ஆன மொத்தச் செலவு, நூற்றெண்பது ரிங்கிட்.