சும்மா ஒரு ஆட்டம்

வேகவைத்து ஆறிய எலும்பின் பள்ளத்தில் ஒட்டியிருந்த நரம்பைக் கத்திமுனை நெம்பி எடுத்தது. கட்டைவிரல் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தது. இன்னும் சொரசொரப்பு. ஈரக் கம்பளித் துண்டில் பொடிமணலைத் தொட்டுக் கைகள் தேய்த்தன. பிறகு இன்னொரு எலும்பை மறு உள்ளங்கையில் வைத்து, இரண்டையும் ஏற்றி இறக்கிப் பார்த்தன. கனம் ஒத்து வரவில்லை. மறுபடியும் மணல்.

ஐந்தும் ஆட்டின் வலது பின்னங்கால் கணுவெலும்புகள். ஒரே வயது ஆடுகளாக இருக்க வேண்டும் என்று, குளிர்காலக் கறிக்கு ஆடு அறுத்த வீடுகளிலெல்லாம் சொல்லிவைத்து வாங்கியவை. எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு அஞ்சாங்கல் என்றால் இதுதான்.

தேய்த்துக்கொண்டிருந்தவள் ஜூராகான். மலைநாட்டில், நாரின் ஆற்றுக்கு மேலே, எங்கள் தெருக்கோடி வீடு. கணவர் வருஷத்தில் பாதி மேய்ச்சல் மலையில் இருப்பார். அதே முற்றத்தின் எதிர் வீட்டில் அவளுடைய ஓரகத்தி கனிஷாய். எலும்புகள் கேட்டவள் கனிஷாய்தான். மாகாண அஞ்சாங்கல் போட்டி வருகிறது. முதல் பரிசு கார்.

ஜூராகானின் முதல் குழந்தை, பெண், நடக்கப் பழகும் முன்பே காய்ச்சலில் போய்விட்டது. அந்த வசந்தம் முழுக்க அவள் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள். மாமியார் கெஞ்சிப் பார்த்தார். முல்லா வந்து ஓதிவிட்டுப் போனார். அப்போதுதான் கல்யாணமாகி வந்திருந்த கனிஷாய் மட்டும் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. படுக்கையின் மேல் ஐந்து எலும்புகளைக் கொட்டி, தானே ஆட ஆரம்பித்தாள். படுமோசமாக ஆடினாள். ஒன்று எகிறிப்போய்த் தயிர்க் கிண்ணத்தில் விழுந்தது.

"நீங்க பிடிச்சிருக்கணும்க்கா. இப்போ தயிரும் போச்சு" என்றாள்.

ஜூராகான் எழுந்து உட்கார்ந்து கையை நீட்டினாள்.

அதற்குப் பிறகு பல வருஷம், பால் கறப்புக்கு முந்தின பொழுது அவர்களுடையது. தோற்றவள் அடுப்புக்கு வறட்டி கொண்டுவர வேண்டும். ஆனால் ஜெயித்தவளும் சாக்கின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு கூடவே போவாள், பேச்சு முடிந்திருக்காது. அந்த முற்றத்துக்கென்று ஒரு சட்டமும் இருந்தது: சிரித்ததால் நழுவினால் கணக்கில்லை, மறுபடி எறியலாம். கனிஷாய் மாமனாரின் தும்மலை அப்படியே தும்மிக் காட்டுவாள். ஜூராகானின் எலும்பு எங்கோ போகும். இதில் யாருக்கும் லாபமில்லை, ஆட்டம்தான் நீண்டுகொண்டே போகும்.

ஒரு நூருஸ் திருநாளுக்கு, வசந்தப் புத்தாண்டுக்கு, ஊர் அலுவலகம் போட்டி வைத்து, தையல் மெஷின் பரிசு என்றது. கனிஷாய் கண்டுகொள்ளவில்லை. அவள் பெயரைக் கொடுத்தவள் ஜூராகான். ஆடி ஆடி இப்படித் தேறிய ஒரு கை நான்கு சுவருக்குள்ளேயே இருக்கிறதே என்ற ஆதங்கம் அவளுக்கு. கனிஷாய் ஜெயித்தாள். ஜூராகான் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டாள். இருவரும் மெஷினைக் கைவண்டியில் தள்ளிக்கொண்டு வந்ததை ஊரே நின்று பார்த்தது.

மறுவருஷம் பரிசு துணி துவைக்கும் மெஷின். கூட்டத்தில் யாரோ ஏதோ சொல்ல, கனிஷாய் சிரித்துவிட்டாள். எலும்பு நழுவியது. கையை மறுபடி தூக்கியவளை நடுவர் எழுந்திருக்கச் சொன்னார். அவருக்கு அந்த முற்றத்துச் சட்டம் என்ன தெரியும்? ஆறுதல் பரிசாக ஒரு ஃபிளாஸ்க்கைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள்.

பிறகு கனிஷாய் தனியாகப் பழக ஆரம்பித்தாள். முகத்தை மரம்போல வைத்துக்கொள்ளப் பழகினாள். அதற்காக ஜூராகானை எதிரே உட்கார்த்தி, தொந்தரவு செய்யச் சொன்னாள். ஜூராகான் மாமனாரைப்போலத் தும்மிக் காட்டினாள். கனிஷாயின் உதடு அசையவில்லை.

"நல்லாருக்கு. இன்னும் சத்தமா பண்ணுங்க, அங்க கூட்டம் ஜாஸ்தியா இருக்கும்."

தும்மிய ஜூராகானுக்கே சிரிப்பு வந்து, அவள் முறையில் எலும்பு நழுவியது. வழக்கம்போல மறுபடி எடுக்கக் குனிந்தாள்.

"விழுந்தா விழுந்ததுதான்க்கா" என்றாள் கனிஷாய். கோபமாக அல்ல, சொல்லிக்கொடுக்கும் குரலில்.

அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அந்தத் தையல் மெஷினில்தான் அவள் பிள்ளைகளுக்கு உடுப்பு வந்தது. கணவனுக்கு வேலை போய்விட்டது. கார் கிடைத்தால் நாரின் நகரத்துக்கு ஆள் ஏற்றி ஓட்டலாம். இதில் எது தப்பு?

ஆனால் போன வருஷம் ஊரில் போட்டி நடக்கவில்லை, பணம் ஒதுக்கவில்லையாம். அந்தக் குளிர்காலம் முழுக்கக் கனிஷாய் எலும்புகளைத் தொடவில்லை. பனி வாசலை மூடியிருந்த ஒரு மதியம், ஜூராகான் அவற்றை எடுத்துவந்து விரிப்பில் பரப்பினாள். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த கனிஷாய் நிமிர்ந்து பார்த்தாள். "போட்டிதான் இல்லையேக்கா" என்று சொல்லி, அடுத்த கிழங்கை எடுத்தாள். ஜூராகான் எலும்புகளைத் திரும்ப அள்ளிக்கொண்டாள். இதை அவளே என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு, குளிரில் கண்ணில் நீர் வருகிறது என்றாள். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

ஐந்தாவது எலும்பும் கடைசியில் கனத்துக்கு வந்தது. ஆட்டின் வால்கொழுப்பைத் தடவித் துடைத்து, கம்பளிப் பையில் போட்டுக்கொண்டு அவள் முற்றத்தைக் கடந்தாள். கனிஷாய் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். ஜூராகான் வாசல்படியிலேயே நின்றாள். பல நாளாக மனசுக்குள் வைத்திருந்த சொல், வரும்போது ரொம்பச் சின்னதாக வந்தது.

"சும்மா ஒரு ஆட்டம் ஆடலாமா?"

"எதுக்குக்கா?"

கனிஷாய் அலுத்துக்கொள்ளவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். மாவுக் கையோடு, பதிலுக்காகக் காத்தும் இருந்தாள். ஜூராகான் பையை உள்ளங்கையில் ஏற்றி இறக்கினாள்.

"கனம் சரியா இருக்கான்னு பார்க்கத்தான்."

"நீங்க பார்த்தா சரியாத்தான் இருக்கும்."

கனிஷாய் மாவைத் துடைத்துவிட்டு உள்ளங்கையை நீட்டினாள். ஜூராகான் பையைத் திறந்து, எலும்புகளை ஒவ்வொன்றாக அதில் வைத்தாள்.